பழைய செயின் டிராக்டர்: மெக்கானிக் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செயின் டிராக்டர், அதாவது சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின் மேல் ஓடும் டிராக்டர் பற்றியவை. ஏலத்தில் எடுத்தது, நிலத்தோடு சேர்ந்து வந்தது, புதருக்குள் கிடந்து கிடைத்தது என்று ஆளுக்கொரு கதை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜினைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், குனிந்து கீழே பாருங்கள். என்ஜின் வேலையை எப்படியாவது சமாளித்துவிடலாம். செயின், அதன் மேல் உருளும் ரோலர், செயினைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் மூன்றும் சேர்ந்து தேய்ந்திருந்தால் அந்தச் செலவு வண்டி வாங்கிய விலையையே தாண்டிவிடும். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: ஐயா, நான் வாங்கியிருக்கும் செயின் டிராக்டரில் பெயர்த் தகடு இல்லை. மஞ்சள் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. பெரிய என்ஜின் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு என்ஜின் இருக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயின்டை நம்பாதீர்கள் தம்பி. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனி 1931 கடைசியில் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளுக்கு வந்தது உண்மைதான். ஆனால் சாலை வேலைக்குப் போன மற்ற கம்பெனி வண்டிகளும் மஞ்சள் பூசிக்கொண்டன. போதாக்குறைக்கு, விற்கிறவர்கள் கையில் கிடைத்த டப்பாவைத் திறந்து அடித்துவிடுகிறார்கள். புது பெயின்டோடு விற்பனைக்கு நிற்கும் பழைய செயின் டிராக்டரைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

உங்களுக்கு உதவப் போவது அந்தச் சின்ன என்ஜின்தான். அது பெட்ரோலில் ஓடும் ஸ்டார்ட்டிங் என்ஜின். டீசல் என்ஜினைச் சுற்றிவிடுவதற்காகவே வைத்திருப்பது. அதில் இரண்டு சிலிண்டர் இருந்தால் பெரும்பாலும் கேட்டர்பில்லர். ஒற்றைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 10 குதிரைத்திறன் என்றால் வோல்கோகிராடில் 1963 முதல் செய்த சோவியத் டிடி-75 ஆக இருக்கலாம். அதன் செயினைப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும். தனி லிங்க், தரையில் படியும் தனி பிளேட் என்று இல்லாமல் ஒவ்வொரு கண்ணியும் ஒரே வார்ப்பாக இருக்கும், கண்ணிகளைக் கோக்கும் இரும்பு முளை (பின்) மட்டும் குறுக்கே போகும்.

சின்ன என்ஜினே இல்லாமல், டீசல் என்ஜினின் ஒரு பக்கம் டீசல் பம்பும் மறுபக்கம் கார்புரேட்டர், மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக்கும் இருந்தால் அது இன்டர்நேஷனல். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கொஞ்சம் சூடானதும் ஒரே லீவரில் டீசலுக்கு மாறும் வேடிக்கையான ஏற்பாடு அது. டூ ஸ்ட்ரோக் டீசல், பக்கவாட்டில் காற்றூதும் புளோவர், வீறிட்டுக் கத்தும் சத்தம் என்றால் ஆலிஸ்-சால்மர்ஸ். அந்தக் கம்பெனியின் எச்டி-5இல் இரண்டு சிலிண்டர், எச்டி-7இல் மூன்று, எச்டி-10இல் நான்கு, எச்டி-14இல் ஆறு.

உங்களுடையது கேட்டர்பில்லர் என்றே வைத்துக்கொள்வோம். தகடு போனாலும் எண் போவதில்லை. என்ஜின் பிளாக்கிலும் வண்டியின் பின்பக்கம் கியர் கேஸிலும் எண் அடித்திருப்பார்கள். கம்பிப் பிரஷ்ஷைப் போட்டு முரட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள், உள்ள எண்ணும் அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒரு ராத்திரி ஒட்டி வையுங்கள். காலையில் கிரீஸும் பெயின்டும் இளகியிருக்கும், மரக்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். துடைத்துக் காயவிட்டு, வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலாகத் தேயுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்வாக அடித்துப் பாருங்கள். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் இப்படித்தான் பார்ப்பார். பகலில் தெரியாத எண் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தெரியும் என்று அந்தி சாயும்வரை காத்திருப்பார்.

எண்ணின் முதல் இரண்டு, மூன்று குறிகள்தான் முக்கியம். 5யூ என்று தொடங்கினால் 1947க்கும் 1957க்கும் இடையில் வந்த டி2 மாடல், செயின் இடைவெளி (இரண்டு செயினின் நடுவுக்கு நடு) 50 அங்குலம். 4யூ என்றால் அதே வண்டியின் 40 அங்குல இடைவெளி வகை. 3ஜே, 5ஜே என்பவை அதற்கு முந்தைய டி2கள், 1938 முதல் வந்தவை. டி4இல் 6யூ என்றால் 44 அங்குலம், 7யூ என்றால் 60 அங்குலம். டி6இல் 8யூ 60 அங்குலம், 9யூ 74 அங்குலம்.

எண் சுத்தமாக அழிந்திருந்தால் டேப்பை எடுங்கள். இடது செயின் பிளேட்டின் வெளி விளிம்பிலிருந்து வலது செயின் பிளேட்டின் உள் விளிம்புவரை அளந்தால் அதுதான் இடைவெளி. இரண்டு பக்கமும் ஒரே அகலப் பிளேட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுப்புள்ளியைத் தேடி அலைய வேண்டாம். அப்புறம் சிலிண்டரை எண்ணுங்கள். டி2, டி4இல் நான்கு. 8யூ, 9யூ டி6இல் ஆறு. இடைவெளியையும் சிலிண்டர் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மாடல் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணை வண்டி எண் என்று நினைத்து உதிரி பாகம் கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள் அதிகம். அது அந்தப் பாகத்தின் எண். கேட்டர்பில்லரில் அது ஒரு இலக்கம், ஒரு எழுத்து, பிறகு நான்கு இலக்கம் என்று வரும். இன்டர்நேஷனலின் பிற்கால எண்கள் ஆறு இலக்கத்துக்குப் பின் ஆர்1, ஆர்2 என்று முடியும். கம்பெனியைக் கண்டுபிடிக்க அது உதவும், மாடலைக் கண்டுபிடிக்க உதவாது. ஒரே வார்ப்பைப் பல மாடல்களில் போட்டிருப்பார்கள். என்ஜினில் உள்ள எண்ணும் பின்பக்க எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் யாரோ என்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஆனால் என்ஜின் பாகத்துக்கு ஒரு எண், மற்றதற்கு ஒரு எண் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமனார் ஓட்டிய பழைய டி4 பல வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. என்ஜின் சுற்றவே இல்லை. இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்கிறார்கள். இழுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கட்டி இழுக்கும் யோசனை சொல்கிறவர்களைக் கொஞ்ச நாள் வண்டிப் பக்கம் விடாதீர்கள். ஒட்டிக்கொண்ட வால்வு ஒன்று இருந்தாலும் இழுத்த இழுப்பில் புஷ்ராடு வளையும், பிஸ்டன் வால்வில் மோதும். இன்று துடைத்து எண்ணெய் விட்டால் தீரக்கூடிய வேலை நாளைக்கு லேத் வேலையாகிவிடும்.

முதலில் சம்ப் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பிளக்கைக் கழற்றாமல் லேசாகத் தளர்த்துங்கள். சொட்டுச் சொட்டாக வரட்டும். தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் வெளியே வரும். ஒரு டம்ளர் வந்தால் பயப்பட வேண்டாம். வந்துகொண்டே இருந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ரேடியேட்டர் காலியாகிச் சம்ப் நிறைந்திருந்தால் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) ரப்பரோ, ஹெட்டோ, பிளாக்கோ விட்டுவிட்டது. இந்த என்ஜினில் லைனரின் வெளிப்பக்கம் தண்ணீர் நேராகப் படும், அரித்து ஓட்டை விழுவது உண்டு. நல்ல சேதி, அந்த லைனரைக் கழற்றி வேறு போடலாம்.

அடுத்து வால்வு மூடியைக் கழற்றுங்கள். எந்தெந்த வால்வு திறந்த நிலையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்து மூடியில்லாமல் நின்றிருந்தால், எக்சாஸ்ட் வால்வு திறந்து நின்ற சிலிண்டரில்தான் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். பெரும்பாலும் நான்கு பிஸ்டனும் பிடித்திருக்காது, அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும். ராக்கர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் டக்கென்று மேலே வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, இறங்கிய இடத்திலேயே நின்றாலோ தண்டில் மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி விட்டு, பொறுமையாக இளக்குங்கள்.

டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஊறுவதற்கு நாள் ஆகும், அவசரப்படாதீர்கள். பிறகு ஃபிளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்புங்கள். நூலிழை அசைந்தால் போதும். அசைந்த பக்கமே தொடர்ந்து தள்ளாமல் திரும்பி வாருங்கள், மறுபடி போங்கள். துரு பொடிந்து வழி விடும். ஸ்டார்ட்டிங் என்ஜினைப் போட்டு வலுக்கட்டாயமாகச் சுற்ற முயலாதீர்கள், ஃபிளைவீலைச் சுற்றும் அதன் சிறு பல்சக்கரமான பினியன்தான் போகும். இவ்வளவும் செய்து அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள், மரக்கட்டையை வைத்துப் பிஸ்டனைத் தட்டலாம்.

என்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யத் தோன்றும். அதற்கு முன்னால் டீசல் பம்பின் மூடியைத் திறந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கம்பி விரலால் தள்ளினால் வழுக்கிப் போய்வருகிறதா என்று பாருங்கள். நாள்பட்ட டீசல் பசையாகி ரேக் முழு டீசல் கொடுக்கும் இடத்தில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு அடங்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தெறித்துவிடும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை மூடும் அளவுக்குத் தடித்த பலகையோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். டீசலை நிறுத்தினாலும் குழாயில் இருப்பது கொஞ்ச நேரம் எரியும், காற்றை அடைத்தால் உடனே நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்க வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

கேள்வி: சின்ன பெட்ரோல் என்ஜின் தொல்லையாக இருக்கிறது. எடுத்துவிட்டு 24 வோல்ட் செல்ஃப் மோட்டார் போட்டுவிடலாமா?

பதில்: போடலாம். சில மாடல்களுக்குக் கம்பெனியே பிற்காலத்தில் அந்த வசதியைக் கொடுத்தது. ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். அந்தச் சின்ன என்ஜினுக்கும் பெரிய என்ஜினுக்கும் தண்ணீர் ஒன்றுதான். சின்னதின் சூடான புகை, பெரியதின் காற்றுக் குழாய்க்குள் ஓடும் பைப் வழியாகத்தான் வெளியே போகும். ஐந்து நிமிடம் அது ஓடினால் பிளாக்கும் உள்ளே போகும் காற்றும் வெதுவெதுப்பாகும். சிலிண்டரில் காற்று அழுந்தாமல் விடும் கம்ப்ரஷன் லீவரைத் திறந்து வைத்துப் பெரிய என்ஜினைச் சும்மா சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறிய பிறகு கம்ப்ரஷனை மூடி டீசலைத் திறக்கலாம். காய்ந்த பேரிங்கோடு எழும்பாத ஸ்டார்ட் வேறு எந்த முறையில் கிடைக்கும்? செல்ஃப் மோட்டார் போட்டால் இதெல்லாம் போய், பெரிய பேட்டரிக்குத் தீனி போட வேண்டும்.

தொல்லை என்பது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான். மேக்னெட்டோவின் பாயின்ட் கருத்திருக்கும், அல்லது கண்டென்சர் போயிருக்கும். கார்புரேட்டர் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் ஒழுகிச் சின்ன என்ஜினின் சம்புக்குள் போயிருக்கும், டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் சுவிட்சால் நிறுத்தாமல் பெட்ரோல் குழாயை அடைத்து, தானாக ஓடி நிற்கவிடுங்கள். மூன்றாவது, பெரிய என்ஜின் பிடித்ததும் பினியன் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் பெரியது சின்னதைச் சுற்றிச் சுக்குநூறாக்கிவிடும். அந்தக் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் சுத்தம் செய்யாமல் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: வலதுபக்கம் நன்றாகத் திரும்புகிறது. இடது லீவரை முழுசாக இழுத்தாலும் நேராகவே போகிறது. பிரேக் கெட்டுவிட்டதா?

பதில்: பிரேக் இல்லை, இடது செயினுக்குப் போகும் சக்தியைத் துண்டிக்கும் இடது ஸ்டியரிங் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறுதி செய்ய, முதல் கியரில் மெதுவாகப் போகும்போது இடது லீவரை இழுத்து இடது பிரேக்கையும் மிதியுங்கள். என்ஜின் திணறி முனகினால் கிளட்ச் விடவில்லை. பிரேக் கெட்டிருந்தால் என்ஜின் கவலைப்படாமல் ஓடும், செயின்தான் தளர்வாக உருளும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. லீவரைத் தொடாமலே ஏர் இழுக்கும்போது ஒரு பக்கம் செயின் நின்று நின்று போனால் அந்தப் பக்கக் கிளட்ச் வழுக்குகிறது. லீவர் முனையில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த மாதிரிதான், அட்ஜஸ்ட் செய்தால் சரியாகலாம். அட்ஜஸ்ட் சரியாக இருந்தும் வழுக்கினால் கிளட்ச் பிளேட்டில் ஆயில் இறங்கியிருக்கும்.

உங்களுடையது ஒட்டல். இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் உலர் கிளட்ச், இரும்புத் தட்டும் லைனிங் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். நின்ற வண்டியில் ஈரம் இறங்கி இரண்டும் ஒன்றோடொன்று துருப்பிடித்துவிடும். அந்த அறையின் அடியில் உள்ள பிளக்கைக் கழற்றித் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வடிந்த பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கி, திறந்த வெளியில், லீவரைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, முன்னே ஒரு வண்டி நீளம், பின்னே ஒரு வண்டி நீளம் என்று போய்வந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இடது பிரேக்கை அழுத்துங்கள். பல நேரம் இதற்கே படாரென்று விட்டுவிடும். எதிரே சுவர், மனிதர், மாடு எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் விட்ட நொடியில் வண்டி அந்தப் பக்கம் சட்டென்று திரும்பும்.

விடவில்லை என்றால் பிளக்கை மூடி மண்ணெண்ணெய் ஊற்றி லீவரை ஆட்டி, வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, சூடு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். ஆயில் பட்டு வழுக்கும் கிளட்சுக்கும் இதே கழுவல்தான். பெட்ரோலில் கழுவச் சொன்னால் கேட்காதீர்கள். கழுவியும் திரும்பத் திரும்ப ஆயில் இறங்கினால் பக்கத்து அறையின் ஆயில் சீல் போயிருக்கிறது, சீட்டையும் மற்றதையும் கழற்றிக் கிளட்சை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுக்கும்போது ஒரு பக்கத்து சீலை மட்டும் மாற்றி மூடாதீர்கள், மறுபக்கமும் அதே வயதுதான்.

கேள்வி: ஆரஞ்சு நிற வண்டி. ஒரு லீவரை இழுத்தால் அந்தப் பக்கச் செயின் நிற்பதில்லை, மெதுவாகிறது. ஸ்டியரிங் கிளட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பதில்: அதில் ஸ்டியரிங் கிளட்சே கிடையாது. உங்களுடையது கிளெட்ராக், அல்லது 1944இல் அந்தக் கம்பெனியை வாங்கிய ஆலிவர் பெயரில் வந்த வண்டி. டிஃபரன்ஷியலுக்குள்ளேயே பிரேக் பிடித்து ஒரு பக்கத்தை மெதுவாக்கி மறுபக்கத்தை வேகமாக்கும் முறை. இரண்டு செயினுக்கும் எப்போதும் சக்தி போய்க்கொண்டிருக்கும். செயின் நிற்காததுதான் அதன் இயல்பு. லீவர் தூரம் அதிகமானால் பிரேக் பட்டையை அட்ஜஸ்ட் செய்யுங்கள், போதும்.

கேள்வி: செயின் அடிக்கடி கழன்றுகொள்கிறது. இறுக்கி இறுக்கி அட்ஜஸ்டரில் மேற்கொண்டு இடமே இல்லை. ஒரு கண்ணியை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: கண்ணியை எடுக்கலாமா என்பதற்கு முன்னால் செயின் ஏன் நீண்டது என்று கேளுங்கள். இரும்பு நீளவில்லை. பின்னும் அதன் மேல் போட்ட புஷ்ஷும் உரசித் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் விழுந்த இடைவெளி சேர்ந்து சேர்ந்து செயின் தொங்குகிறது. அளப்பது சுலபம். ஸ்பிராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு பழைய பின்னைக் கொடுத்து, வண்டியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தி, மேல்பக்கச் செயினை விறைப்பாக்குங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து நான்கு கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளந்து நான்கால் வகுங்கள். செயினைக் கழற்ற உதவும் மாஸ்டர் பின் உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். அந்த மாடலின் புதுச் செயின் அளவோடு ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும்.

புஷ் ஒரு பக்கம்தான் ஸ்பிராக்கெட்டில் உரசும், பின்னும் ஒரு பக்கம்தான் தேயும். அதனால் செயினைக் கழற்றி, பின், புஷ் இரண்டையும் பிரஸ்ஸில் வெளியே தள்ளி, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி ஏற்றினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். புஷ் சுவர் மெலிந்து வெடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. தேய்ந்து பிளந்த பிறகு திருப்பிப் பயன் இல்லை. கண்ணி எடுப்பது விற்றுவிட நினைக்கிறவர் செய்யும் வேலை. ஓட்டப் போகிறவருக்கு அது ஸ்பிராக்கெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஸ்பிராக்கெட்டில் ஒரு அழகு இருக்கிறது, நேரம் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள். பல வண்டிகளில் பல் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும். புஷ்கள் ஒரு பல் விட்டு ஒரு பல்லில்தான் உட்காருகின்றன. ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்றில் வேலை செய்த பற்கள் அடுத்த சுற்றில் ஓய்வெடுக்கும், மற்றவை வேலை செய்யும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் பங்காகும். பற்கள் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் அதில் புதுச் செயினைப் போடாதீர்கள், சீக்கிரமே பழசாக்கிவிடும்.

கழல்வதற்குத் தளர்ச்சி மட்டும் காரணம் இல்லை. செயின் முன்பக்கம் சுற்றிவரும் சக்கரமான ஐட்லரின் பக்கத் தகடுகள் தேய்ந்து ஐட்லர் ஆடுகிறதா, ரோலர் விளிம்பு உடைந்திருக்கிறதா, செயின் ஃபிரேம் வளைந்து ஸ்பிராக்கெட்டுக்கும் ஐட்லருக்கும் நேர்க்கோடு தப்பியிருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தால் நேர்க்கோடு தப்பியிருக்கிறது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே ஒரு நேர்க்கட்டையை வைத்தால் செயின் அதிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் தொங்கட்டும். வண்டி நிற்கும் இடத்தில் சேறு அப்பியிருந்தால் அந்தச் சேற்றோடுதான் அளக்க வேண்டும், ஏனென்றால் ஓடும்போது செயினை இறுக்கப் போவது அதுதான்.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஐட்லருக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. கல்லில் மோதினால் ஐட்லர் பின்வாங்கக் கொடுத்தது. அதைப் பல டன் அழுத்தத்தில் அமுக்கிப் பூட்டியிருப்பார்கள். அதன் நீண்ட போல்ட்டைத் தளர்த்தினால் ஆளைக் கொல்லும். அதை விடுவிக்கத் தனியாகக் கூண்டும் பிரஸ்ஸும் வேண்டும், வீட்டு வேலை இல்லை. கிரீஸ் அடித்து இறுக்கும் வகையாக இருந்தால் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள், அதன் எதிரே முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். மாஸ்டர் பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கடினமான இரும்பில் சில்லு தெறிக்கும்.

கேள்வி: சேற்று நிலத்தில் சக்கர டிராக்டர் புதைகிறது. செயின் வண்டி கனமாயிற்றே, அது இன்னும் ஆழமாகப் புதையாதா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 டன் வண்டி, பிளேட் அகலம் 40 சென்டிமீட்டர், தரையில் படியும் நீளம் 155 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு செயினுக்குமாக 12,400 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 கிராம்தான் சுமை. நீங்கள் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் மண்ணுக்குக் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான். வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டி2, டி4 வண்டிகளில் முதல் கியர் மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவு, கடைசி கியர் 8ஐ ஒட்டி. ஆழ உழவு, அடிமண் உடைப்பு, நிலம் சமன் செய்வது இதற்கெல்லாம் ராஜா. வரப்போரத்தில் நின்ற இடத்தில் திருப்பினால் மட்டும் மண்ணை உழுது குவித்துவிடும். அகலமாக வளைத்துத் திருப்புங்கள், ஏர் மண்ணுக்குள் இருக்கும்போது திருப்பாதீர்கள்.

கேள்வி: சரிவில் இறங்கும்போது ஒருமுறை இடது லீவரை இழுத்தேன், வண்டி வலதுபக்கம் போய்விட்டது. பேய் பிடித்த மாதிரி இருந்தது. ஏன்?

பதில்: பேய் இல்லை. சமதரையில் இடது கிளட்சை விட்டால் இடது செயினுக்குச் சக்தி போகாது, வலது செயின் தள்ளும், வண்டி இடதுபக்கம் திரும்பும். சரிவில் பின்னால் இருக்கும் பாரம் வண்டியைத் தள்ளும்போது என்ஜின்தான் செயின்களைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே இடது கிளட்சை விட்டால் இடது செயின் கட்டவிழ்ந்து வேகமாக ஓடும், வண்டி வலதுபக்கம் திரும்பும். அதனால் சரிவில் இறங்கும்போது கிளட்சோடு சேர்த்து அதே பக்கப் பிரேக்கையும் மிதியுங்கள், திரும்ப வேண்டிய பக்கமே திரும்பும். இறங்குவதற்கு முன்னாலேயே குறைந்த கியரைப் போட்டுவிடுங்கள், சரிவின் நடுவில் கியர் மாற்றினால் மறுபடி விழாமல் போகலாம். மேலே ஒரு வாசகரிடம் இருக்கும் கிளெட்ராக்கில் இந்தத் தொல்லை வராது. புது ஆளிடம் வண்டியைக் கொடுக்கும்போது இதைச் சமதரையில் சொல்லிக் கொடுக்க முடியாது, கூடவே நின்று சின்ன மேட்டில் இறக்கிக் காட்டுங்கள்.

கேள்வி: அறுவடைக்குப் பிறகு வண்டி பல மாதம் சும்மா நிற்கும். எப்படி நிறுத்துவது?

பதில்: செயினில் ஒட்டிய சேற்றை ஈரமாக இருக்கும்போதே தட்டி எடுத்துவிட்டுப் பலகைகள் மேல் ஏற்றி நிறுத்துங்கள். சைலன்சர் வாயைத் தகர டப்பா போட்டு மூடுங்கள். டீசல் டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் வேர்க்கும். கிளட்ச் அறையின் வடிகால் பிளக்கைத் திறந்து பார்த்து மூடுங்கள். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, இரண்டு ஸ்டியரிங் லீவரையும் பத்திருபது தடவை இழுத்து விடுங்கள். முடியாதவர்கள் லீவரையாவது ஆட்டிவிட்டு வாருங்கள்.